சரபோஜி இரகசியக் கிறிஸ்தவரா?



‘தேவேந்திரக் குறவஞ்சி’ நாடகத்தை மராத்தியில் இயற்றிய தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, இரகசியமாய்க் கிறிஸ்துவை விசுவாசித்தார் என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அவரைப் பாதுகாத்துக் கல்விக்கு வழிசெய்தவர் சுவார்ட்ஸ் ஐயர். 1798-இல் ஐயர் மரித்தபின், அவருடைய மரணப் படுக்கையருகே தாம் நிற்கும் சலவைக்கல் சிற்பத்தை மன்னர் செய்வித்தார். அது தஞ்சை சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் உள்ளது.

ஆயினும், 1803-இல் தம் குல வரலாற்றைப் பெரிய கோயிற் சுவரில் பொறித்தவரும், காசிக்கு யாத்திரை சென்றவரும் அவரே. காசி மடத்தின் ஊராகிய திருப்பனந்தாளில் வாழும் நமக்கு அந்த யாத்திரையின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

அரியணைக்காக மறைத்தார் என்பர். உள்ளங்களை அறிகிறவர் தேவன் ஒருவரே. நன்றியை விசுவாசமென்று கணக்கெழுதி, அவர் அறிக்கையிடாததை நாம் அறிக்கையிடுவது பொய்ச்சாட்சியாகும். வேற்று மார்க்கத்தாரின் நன்றியை நன்றியாகவே ஏற்பது நமக்குக் குறைவல்ல.

அவருடைய பள்ளித்தோழர் வேதநாயக சாஸ்திரியாரோ, அரண்மனை ஆதரவைப் பெற்றும் தம் ஆண்டவரை வெளியரங்கமாய்ப் பாடினார். இரவில் வந்த நிக்கொதேமுவும் முடிவில் சுகந்தவர்க்கத்தோடு சிலுவையண்டை வந்தான். மன்னரின் இரகசியத்தை ஆராயும் நாம், அலுவலகத்திலும் அயலார் நடுவிலும் நம் விசுவாசத்தை மறைக்கிறோமோ என்று ஆராய்வோமாக. ஆமென்.