'ஏழையின் மேக்ரோ' என்றோர் ஏளனம்

லென்ஸைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டிப் படமெடுக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. தமிழில் சொன்னால், 'ஏழையின் மேக்ரோ'. அண்மையில் ஒரு புகைப்படப் பயிலரங்கில் இத்தொடரை மூன்று முறை கேட்க நேர்ந்தது. பழைய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பிப் பொருத்திக்கொண்டு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவரிடம், "இதெல்லாம் விளையாட்டுக்குச் சரி தம்பி, போட்டிக்கு அனுப்பவேண்டுமானால் நல்ல மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்" என்று பயிற்றுநர் அன்பாகவே சொன்னார். அம்மாணவர் கேமராவைப் பைக்குள் வைத்தார். மாலை வரை அதை வெளியே எடுக்கவில்லை. அவருக்காகவே இதை எழுதுகிறோம்.

பயிற்றுநர் சொன்ன 'நல்ல மேக்ரோ லென்ஸ்' என்ன செய்யும்? கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை 1:1 என்ற அளவோடு நின்றுவிடும். அதாவது, பொருள் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகவே சென்சாரின் மீது விழும். எறும்பின் கூட்டுக்கண்ணைப் பார்க்க விரும்புபவருக்கு அது போதாது. அவை முடியும் இடத்தில்தான் திருப்பிய லென்ஸின் ஆட்சி தொடங்குகிறது. 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் ஏறக்குறைய 1:1. 28 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் இரு மடங்குக்கும் மேல். குவியத் தொலைவு குறையக் குறைய உருப்பெருக்கம் கூடும் என்பது புதியவர்களை எப்போதும் திகைக்கவைக்கும் செய்தி. ஒன்றிலிருந்து ஐந்து மடங்கு வரை பெருக்குவதற்கென்றே கேனான் நிறுவனம் 1999இல் ஒரு 65 மி.மீ. லென்ஸை வெளியிட்டது உண்மைதான். அதைக் கையில் வைத்திருக்கும் மாணவரை நாம் இதுவரை சந்தித்ததில்லை.

'குறுக்குவழி' என்ற குற்றச்சாட்டும் அன்று எழுந்தது. சாதாரண லென்ஸ், தொலைவிலுள்ள பெரிய காட்சியைச் சுருக்கித் தனக்குப் பின்னால் சில சென்டிமீட்டரில் இருக்கும் சிறிய பரப்பில் விழச்செய்வதற்காக வடிவமைக்கப்பட்டது. அதன் பிழைத்திருத்தங்கள் எல்லாம் அந்த ஏற்பாட்டை எண்ணிச் செய்யப்பட்டவை. எறும்பின் தலையை அதன் உண்மை அளவைவிடப் பெரிதாகப் பதிய முயலும்போது ஏற்பாடு மாறிவிடுகிறது. இப்போது பொருள் அருகில் இருக்கிறது, பிம்பம் தள்ளி விழுகிறது. லென்ஸையும் திருப்பிவிட்டால், அது எந்த வேலைக்காகப் பிறந்ததோ அதே வேலையைத்தான் எதிர்த்திசையில் செய்கிறது. உருப்பெருக்கம் ஒன்றைத் தாண்டியபின் ஒளியியல் கேட்பதே இதுதான்.

அடுத்தது அடுக்கு முறை. கேமராவில் 200 மி.மீ. லென்ஸ், அதன் முகத்தோடு முகம் ஒட்டியபடி, இருபுறமும் மரையுள்ள வளையத்தின் துணையால், தலைகீழாக ஒரு 50 மி.மீ. லென்ஸ். இரண்டையும் முடிவிலிக்குக் குவித்துவிட்டால் 200ஐ 50ஆல் வகுக்க, நான்கு மடங்கு. 36 மி.மீ. அகலமுள்ள சென்சாரை 9 மி.மீ. காட்சி நிரப்பிவிடும். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் லெவோன் பிஸ் என்பவரின் பூச்சிப் படங்கள் ஆளுயரத்துக்கும் மேலாகப் பெரிதாக்கி வைக்கப்பட்டன. ஒவ்வொரு படமும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொடுக்குகளின் சேர்க்கை. அவருடைய கருவி என்ன? 200 மி.மீ. லென்ஸின் முன்னால் பொருத்திய 10 மடங்கு நுண்ணோக்கி வில்லை. அவ்வில்லையின் குவியத் தொலைவு 20 மி.மீ.; 200ஐ 20ஆல் வகுத்தால் 10. மாணவரின் கணக்கும் அருங்காட்சியகத்தின் கணக்கும் ஒன்றே. ஒன்றுக்கு ஏளனம், மற்றொன்றுக்குக் கண்காட்சி!

பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக் தாமே செய்துகொண்ட ஒற்றை வில்லையால் நுண்ணுயிர்களைக் கண்டார். இலண்டனில் ராபர்ட் ஹூக் பல வில்லைகளை அடுக்கிய நுண்ணோக்கியால் தெள்ளுப்பூச்சியைக் கண்டு 1665இல் பெரும்படமாக வரைந்து அச்சிட்டார். அவர்களை ஏழையின் விஞ்ஞானி என்று எவரும் அழைத்ததாகத் தெரியவில்லை. நம் காலத்திலும் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் தாமஸ் ஷாஹன் என்ற இளைஞர் பழைய லென்ஸைத் திருப்பி நீட்டிப்புக் குழாயில் மாட்டி எடுத்த குதிக்கும் சிலந்திகளின் முகங்களை உலகமே வியந்து பார்த்தது.

இம்முறையில் இன்னல் இல்லை என்று சொல்லவரவில்லை. தானியங்கிக் குவியம் போய்விடும். பூச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையே நான்கைந்து சென்டிமீட்டர்தான். நான்கு மடங்கில் எஃப்/8 என்று வைத்தால் வெளிச்ச அளவில் அது எஃப்/40 போல இருண்டுவிடும். துலங்கும் ஆழமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு. மூச்சு விட்டாலே கண் போய்க் கால் தெரியும்.

இந்த மெல்லிய ஆழத்திலிருந்துதான் நம் உண்மையான சினம் பிறக்கிறது. குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்கினால் முழுத்தலையும் துலங்கும். ஆனால் உயிருள்ள பூச்சி அத்தனை நேரம் அசையாமல் இருக்க வேண்டுமே! அதற்காகச் சிலர் அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விறைக்கச் செய்கிறார்கள். சிலர் கொன்று பசையால் இலையில் ஒட்டுகிறார்கள். மேலே தண்ணீரைத் தெளித்துவிட்டு, 'பனிக்காலையில் ஓய்வெடுக்கும் வண்டு' என்று தலைப்பிட்டு இயற்கைப் பிரிவுக்கே அனுப்புகிறார்கள். எந்த லென்ஸ் என்று துருவிக் கேட்கும் நடுவர்கள், பூச்சி உயிரோடு இருந்ததா என்று கேட்பதில்லை.

இறந்த பூச்சியைப் படமெடுப்பதே பாவம் என்று நாம் வாதிடவில்லை. லெவோன் பிஸ் எடுத்தவை அருங்காட்சியகச் சேகரிப்புகள், அப்படியே அறிவித்தார். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் தேனீ ஆய்வகம், ஊசியில் குத்திய தேனீக்களைக் கழுவி உலர்த்திப் படமெடுத்து எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. அங்கும் ஒளிவுமறைவு இல்லை. விறைத்த உடலை வாழ்வென்று விற்பதைத்தான் எதிர்க்கிறோம். பூச்சிகளின் நடத்தையைப் படங்களிலிருந்து கற்றுக்கொள்ளும் பள்ளிப்பிள்ளைகளை எண்ணிப்பாருங்கள். செத்த எறும்பு நிற்கும் விதத்தை எறும்பின் இயல்பு என்று அவர்கள் மனத்தில் பதித்துக்கொள்வார்கள். கணினியே இல்லாத பூச்சியை வரைந்து தரும் இந்நாளில், எங்கே, எப்போது, உயிருடனா, எத்தனை சொடுக்கு என்ற நான்கு விவரங்களைப் போட்டி நடத்துவோர் கட்டாயமாக்க வேண்டும். லென்ஸின் விலையை அதன்பிறகு விசாரிக்கட்டும்.

அந்த மாணவர் இதைப் படிக்க நேர்ந்தால்: திருப்பு வளையத்தின் விலை சில நூறு ரூபாய்தான். அப்பெர்ச்சர் வளையமுள்ள பழைய லென்ஸே வசதி. கேனான் இ.எஃப். லென்ஸ் என்றால் வேண்டிய அளவை வைத்து, ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்தியபடியே கழற்றுங்கள். அதே அளவில் நின்றுவிடும். பின்கண்ணாடி வெளியே தெரியும், தூசி கவனம். விடியற்காலையில் பூச்சிகள் தாமாகவே மந்தமாக இருக்கும், குளிர்பதனப் பெட்டி தேவைப்படாது. முசுறுகளைத் தேடி மாமரத்துக்குப் போவதாயின் முழுக்கைச் சட்டை அணிந்துகொள்ளுங்கள். அவற்றுக்கு மந்தமும் கிடையாது, தயவும் கிடையாது.