‘பாதுகாத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லாதீர்கள்

தமிழில் ‘கொள்’ என்று ஒரு துணைவினை இருக்கிறது. ‘எழுது’ என்றால் யாருக்காகவும் எழுதலாம். ‘எழுதிக்கொள்’ என்றால் உனக்காக எழுது. செயலின் பலனைச் செய்பவர் பக்கமே திருப்பிவிடும் சொல் அது. பொறுப்பையும் சேர்த்தே திருப்பிவிடும். ‘பாத்துக்கோ’ என்று ஒருவர் நம்மிடம் சொல்லிவிட்டால், அதன்பிறகு நடக்கிற எதுவும் அவர் கணக்கில் வராது.

சமூக ஊடகத்தில் உங்கள் தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி, காவல் துறையின் சுவரொட்டி, கல்லூரிக் கருத்தரங்கு என்று எல்லா இடத்திலும் இதே வாக்கியம்தான். எனக்கு இந்தக் ‘கொள்’ மீதுதான் கோபம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நடந்த சைபர் குற்ற விழிப்புணர்வுக் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேச வந்தவர் நல்ல மனிதர், அக்கறையாகத்தான் பேசினார். ஆனால் முக்கால்வாசிப் பேச்சு பெண்களைப் பார்த்தே நடந்தது. “டிபில பூ வைங்க, சாமி படம் வைங்க, எதுக்கும்மா உங்க மூஞ்சி?” பையன்கள் பக்கம் சிரிப்பு. அந்தப் பக்கம் திரும்பி, அடுத்தவங்க போட்டோவைக் கேக்காம எடுக்காதீங்க, வந்ததை ஃபார்வர்ட் பண்ணாதீங்க என்று ஒரு வரி? கிடையாது. கடைசியில் ஒரு பெண் எழுந்து கேட்டார்: “சார், என் போட்டோவை நான் போடவே இல்ல. சித்தப்பா பையன் கல்யாண ஆல்பத்தை அப்படியே பப்ளிக்கா போட்டுட்டான். இப்ப நான் என்ன பண்றது?” அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவர்ட்ட சொல்லி எடுக்கச் சொல்லும்மா” என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பெண் கேட்டதுதான் முதன்மையான கேள்வி. நம்மைப் பற்றிய தகவலில் நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அடுத்தவர் கையில் இருக்கிறது. அப்புறம் நான் எதைப் பாதுகாத்துக்கொள்வது?

2018இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தபோது ஃபேஸ்புக் நிறுவனமே ஒரு கணக்கு கொடுத்தது. ஆளுமைச் சோதனை என்ற பெயரில் வந்த அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். அதன் வழியாகத் தகவல் வெளியே போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 335 பேர் ஏதோ ஒரு சோதனைக்கு ஆசைப்பட்டு ‘சரி’ அழுத்தினார்கள், ஒப்புக்கொள்கிறேன். மீதி ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எதையும் அழுத்தவில்லை, எதையும் நிறுவவில்லை. இப்படி ஒரு செயலி இருந்ததே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்காது. யாரோ ஒருவரின் நண்பர் பட்டியலில் இருந்தார்கள், அவ்வளவுதான். நண்பர்களின் தகவலையும் அள்ளிக்கொள்ள அன்று அந்தத் தளமே வழிவிட்டிருந்தது. இவர்களிடம் போய் ‘நீங்க கவனமா இருந்திருக்கணும்’ என்று சொல்ல முடியுமா?

இதைவிடக் கசப்பான கதை கவனமாக இருந்தவர்களுடையது. பாஸ்வேர்டு மட்டும் போதாது, டூ ஃபேக்டர் வைத்துக்கொள்ளுங்கள், செல்பேசி எண்ணைக் கொடுங்கள் என்பது எல்லா நிபுணர்களும் சொல்கிற அறிவுரை. ட்விட்டரில் அதை நம்பி எண் கொடுத்தார்கள். 2013 முதல் 2019 வரை, கணக்கின் பாதுகாப்புக்கென்று வாங்கிய எண்களையும் மின்னஞ்சல்களையும் ட்விட்டர் விளம்பரதாரர்களுக்காகப் பயன்படுத்தியது என்று அமெரிக்க அரசு குற்றம்சாட்டியது. 2022 மே மாதம் 15 கோடி டாலர் அபராதம் கட்ட அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஃபேஸ்புக் மீதும் இதே போன்ற குற்றச்சாட்டு 2019இல் எழுந்தது. பூட்டு வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் இன்னொரு சாவி செய்து வைத்துக்கொண்ட கதைதான் இது.

“கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டு, திருடு போச்சுன்னா யார் தப்பு?” இந்த வாதம் எனக்குத் தெரியும். எந்த விவாதத்திலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, முடிந்தது என்பதுபோல் கையைத் தட்டிக்கொள்வார். பதில் எளிது: திருடன் தப்பு. கதவு திறந்திருந்த வீட்டில் திருடினாலும் அது திருட்டுதான், வழக்கு திருடன் மேல்தான். அதோடு, வீட்டுச் சாவி ஒன்றோ இரண்டோ, என் கையில் இருக்கிறது. இங்கே என் எண் அத்தை ஃபோனில் இருக்கிறது, கூரியர்காரர் ஃபோனில் இருக்கிறது, என்றோ ஒரு நாள் பழைய பேப்பர் எடுக்க வந்தவர் ஃபோனிலும் இருக்கிறது. ‘உங்கள் தொடர்புகளை அணுக அனுமதிக்கவா?’ என்று செயலி கேட்கும்போது அவர்களில் யாராவது ஒருவர் ‘சரி’ என்று அழுத்தினால் போதும். கொடுப்பது என் எண். கொடுப்பவர் நான் இல்லை.

பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், டூ ஃபேக்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்யுங்கள். பணம் போனால் உடனே 1930க்கு அழையுங்கள். இதெல்லாம் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிட வேலையைக் காட்டி மற்ற எல்லோரும் தப்பித்துப்போவதுதான் என் புகார்.

தப்பிப்பவர்களில் முதலாவது, நமக்குக் கூட்டம் போட்டுப் பாடம் எடுக்கிற அரசு. 2019, பொள்ளாச்சி. பெண்களை ஏமாற்றி வரவழைத்து, வீடியோ எடுத்து மிரட்டிய கும்பல் மீது ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். அந்தப் பெயரைச் செய்தியாளர்கள் முன்னால் சொன்னவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே வெளியிட்டார்கள். 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் 2025 மே மாதம்தான் ஆயுள் தண்டனை கிடைத்தது.

இதிலிருந்து பாடம் கற்றிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 2024 டிசம்பர், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்முறை. மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை காவல் துறை இணையதளத்திலேயே கிடைத்தது. அதைத் தரவிறக்கி, நம் ஆட்கள் வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள். பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறியதில் வந்த தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம் இழப்பீட்டு உத்தரவு. பழியை மாணவி மேலேயே போடும்படி அந்த அறிக்கை எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் நீதிமன்றம் கண்டித்தது. ப்ரொஃபைலை லாக் பண்ணியிருந்தால் அந்த மாணவி தப்பியிருப்பாரா? டிபியில் பூ வைத்திருந்தால்?

சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2023இல், மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தகவலைக் கசியவிடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். பெரிய தொகைதான். ஆனால் அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. தகவல் பறிபோன உங்களுக்கு ஒரு பைசா கிடையாது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க இடம் தருவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ என்ற பிரிவு. அந்தப் பிரிவை நீக்கவும் புதிய சட்டமே வழிசெய்திருக்கிறது. தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு விலக்கு கொடுக்கலாம். இன்னொரு பக்கம், தகவலுக்குச் சொந்தக்காரரான குடிமக்களுக்குக் ‘கடமைகள்’ என்று ஒரு பட்டியல். அற்பமான புகார் கொடுத்தால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். என் தகவலைத் தொலைத்தவன் மேல் நான் புகார் கொடுக்கப் போனால், அது அற்பமா இல்லையா என்று முதலில் எனக்குத்தான் பயம் வர வேண்டும்.

அரசையும் நிறுவனங்களையும் திட்டுவது எளிது. இதை வாசிக்கிற நாமும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறோம், இலக்கியம் படிக்கிறோம் என்பதற்காக விலக்கு இல்லை. “எங்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் இருக்கு” என்பது தமிழ் இலக்கிய உலகில் இன்றைக்கு ஒரு வாதமாகவே ஆகிவிட்டது. ஒரு கவிதைத் தொகுப்பின் முன்னுரை பற்றிய சண்டை மூன்றாம் நாள் உள்பெட்டியில் வந்து முடிகிறது. நாலு வருடத்துக்கு முன் நடுராத்திரியில் ஒருவர் மனம் உடைந்து எழுதிய வரிகளை வெட்டி ஒட்டிப் போடுகிறார்கள். கீழே முந்நூறு லைக். ஒரு எழுத்தாளர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தால், பார்க்கப் போகிறவர் பக்கத்தில் நின்று எடுத்த படம் அவர் வீடு திரும்பும் முன்பே வந்துவிடுகிறது. படுத்திருப்பவரிடம் கேட்டார்களா? கேட்டாலும் பதில் சொல்கிற நிலையிலா இருந்தார் அவர்?

2018 மீடூ நாட்களில் பெண்கள் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டுகளை இதோடு சேர்க்காதீர்கள். அதிகாரத்தில் இருந்தவர் அனுப்பியதை, அதைப் பெற நேர்ந்தவர் சான்றாகக் காட்டியது அது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நம் கையில் இருக்கும் அடுத்தவர் தகவலை அடுத்தவர் பொருளாக நினைப்பது. குழுப் படம் போடும் முன் “போடலாமா?” என்று கேட்பது. யாராவது “எண் கொடுங்க” என்றால், எண்ணுக்கு உரியவரைக் கேட்டுவிட்டுக் கொடுப்பது. முன்பு வீட்டுக்கு வந்த அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்து கொடுத்தோமே, அந்த அளவுதான்.

சென்ற ஆண்டு ஒரு சிற்றிதழ், சந்தா கட்டியவர்களுக்கு நன்றி சொல்வதாகப் பெயர், ஊர், செல்பேசி எண் எல்லாம் உள்ள பட்டியலை அப்படியே படமெடுத்துத் தன் பக்கத்தில் போட்டது. பட்டியலில் என் தோழி ஒருத்தி இருந்தாள். அன்று ராத்திரியே தெரியாத எண்களிலிருந்து வீடியோ அழைப்புகள். மறுநாள் ஆசிரியரைக் கூப்பிட்டுப் படத்தை எடுக்கச் சொன்னாள். “இருநூறு பேர் ஷேர் பண்ணிட்டாங்களேம்மா, நீங்க வேணா நம்பரை மாத்திக்கோங்களேன்” என்றார். அந்த எண் அவள் வங்கியில் இருக்கிறது, ஆதாரில் இருக்கிறது, அப்பாவின் மருந்துக் கடையில் இருக்கிறது. எண்ணை அவள் மாற்றவில்லை. இதுவரை மூன்று முறை எழுதிக் கேட்டாயிற்று. படம் இன்னும் அங்கேயே இருக்கிறது.