நூறு சதவீதம் காட்டும் கேமரா

ஃபிலிம் கேமரா மோகம் மறுபடி வந்திருக்கிறது. இங்கே நாக்பூரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலேயே காலேஜ் போகும் பிள்ளைகள் இரண்டு பேர் பழைய கேமரா தேடுகிறார்கள். "கையில் போன் இருக்கும்போது இது என்ன தண்டச்செலவு?" என்பது அப்பாக்களின் கேள்வி. என்னைக் கேட்டால், நான் பிள்ளைகள் பக்கம். ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

ஃபிலிமின் நிறம், கிரெயின் என்கிறார்கள். அதையெல்லாம் போனில் ஒரு ஃபில்டர் போட்டே ஓரளவு கொண்டுவந்துவிடலாம். போன் சொல்லிக்கொடுக்காதது வேறு ஒன்று. அதை விளக்க நிகான் எஃப்3-ஐ எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது ஒன்று இருக்கிறது. 1980-ல் தொழில்முறைக் கலைஞர்களுக்காக வந்த கேமரா. வெளித்தோற்றத்தை வடிவமைத்தவர் கார் வடிவமைப்பில் பேர்போன இத்தாலியர் ஜியுஜாரோ. இருபது வருஷம் தயாரிப்பில் இருந்தது.

முதலில் வியூஃபைண்டர். பெரும்பாலான எஸ்எல்ஆர்களில் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஃபிலிமில் பதியும். அதே கம்பெனியின் எஃப்எம்2 காட்டுவது சுமார் 93 சதவீதம். பிரிண்ட் போடும்போது ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், அதனால் பரவாயில்லை என்ற கணக்கு. எஃப்3 முழு நூறையும் காட்டும். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, பாதி வெட்டுப்பட்ட சித்தப்பா, பின்னால் டியூப்லைட், எல்லாம் கண்முன்னே. பிறகு "நான் கவனிக்கலை" என்று சொல்ல வழியில்லை. வவுச்சரைப் பாஸ் பண்ணுகிற அதிகாரியின் நிலைமைதான். முழுசாகப் பார்த்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டாய்?

உள்ளே தெரியும் தகவலும் கொஞ்சம்தான். ஷட்டர் வேகம் ஒரு சின்ன எல்.சி.டி.யில். பக்கத்தில் அப்பெர்ச்சர் எண். இதில் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, லென்ஸ் வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையே ஒரு குட்டி ஜன்னல் வழியாகக் காட்டுகிறார்கள். மேனுவலில் வைத்தால் வெளிச்சம் கூடினால் பிளஸ், குறைந்தால் மைனஸ். அவ்வளவுதான். மற்றதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கட்டுப்பாடுகள் எல்லாம் வெளியே. ஷட்டர் டயல், அப்பெர்ச்சர் வளையம், இடதுபக்கம் எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கும் டயல். கேமராவை ஆன் பண்ணாமலே, மேலிருந்து ஒரு பார்வை பார்த்தால் எது எங்கே நிற்கிறது என்று தெரியும். மெனுவுக்குள் மெனு என்று தேட வேண்டாம்.

ஒரு கல்யாணத்தை வைத்துச் சொல்கிறேன். வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சம் நிறைய என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். நம் மாநிற முகங்கள் கறுத்துப்போகும். எஃப்3-ன் மீட்டர் நடுவில் உள்ள வட்டத்துக்கு மட்டும் 80 சதவீத முக்கியத்துவம் தரும். கிட்டப் போய் அந்த வட்டத்தை முகத்தில் வைத்து, லென்ஸ் பக்கத்து மெமரி லாக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்னால் வந்து எடுக்கலாம். போன் இதைத் தானே சரிசெய்துவிடும், உண்மைதான். என்ன செய்தது, ஏன் செய்தது என்று பிள்ளைக்குத் தெரியாது.

ஷட்டர் எலெக்ட்ரானிக், பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்? அதற்காகவே முன்பக்கம் ஒரு சின்ன லீவர். பேட்டரி இல்லாமலே சுமார் 1/60 வேகத்தில் படம் எடுக்கும். சர்வர் படுத்தால் கவுன்ட்டரே நின்றுபோகிற உத்தியோகத்தில் இருப்பவனுக்கு இந்த லீவரின் அருமை தெரியும் :-)

குறை இல்லாமல் இல்லை. எல்.சி.டி.க்கு விளக்குப் போடும் பொத்தான் ரொம்பச் சின்னது, அழுத்துவதற்குள் விரல் நோகும். ஃபிளாஷை ரீவைண்ட் கைப்பிடி மேல் மாட்ட வேண்டும். ஃபிலிம் மாற்றும்போதெல்லாம் கழற்ற வேண்டும். ஃபிளாஷுக்கு 1/80-க்கு மேல் போக முடியாது.

வாங்குவதானால் எல்.சி.டி. மங்காமல் தெரிகிறதா பாருங்கள். கண்ணாடி போட்டவர்கள் எச்பி ஃபைண்டர் உள்ளதைக் கேளுங்கள், கண்ணை 2.5 செ.மீ. தள்ளி வைத்தாலும் நாலு மூலையும் தெரியும். விலை அதிகமென்றால் எஃப்எம்2 போதும். ஸ்டீவ் மெக்கரி 1984-ல் எடுத்த அந்த ஆப்கான் சிறுமி படம் அதில் எடுத்ததுதான்.

எந்தக் கேமராவானாலும் டயல்கள் வெளியே இருக்கட்டும். ஒரு ரோலில் 36 படம். முதல் ரோலை முழுக்க மேனுவலில் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேகமும் அப்பெர்ச்சரும் ஒரு நோட்டில் எழுதட்டும். பாதிப் படம் பாழானாலும் அந்தக் காசு வீண்போகாது.