பூச்சு வேலைக்கு முன்னாடி பைப் போடுங்க, கேமரா அப்புறம் வாங்கிக்கலாம்

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, வரி ரிட்டர்னும் இல்லை. சுவருக்குள்ள போற ஒயரைப் பத்திப் பேசப் போறேன். ஆடிட்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. ஊர்ல அப்பா அம்மாவுக்காக வீடு கட்டுற சம்பளக்காரங்களோட கணக்கைப் பார்க்கிறவன் நான். பாதுகாப்புன்னு சொல்லி அவங்க செலவழிக்கிற காசு பெரும்பாலும் தப்பான வரிசையில போகுது.

ஒரு உதாரணம். வேலை சென்னையில, வீடு கட்டுறது ஆய்க்குடியில. அந்த வீட்டுல இருக்கப் போறது அறுபதைத் தாண்டின ரெண்டு பேர். தம்பி எனக்கு ஒரு கொட்டேஷன் அனுப்பினார்: எட்டு கேமரா, ரெக்கார்டர், ஹார்ட் டிஸ்க், அதைப் பார்க்க ஹால்ல ஒரு டிவி. அரை லட்சத்தைத் தாண்டுது. பூச்சு வேலை அடுத்த வாரம் ஆரம்பம். "போன், நெட், அலாரம் இதுக்கெல்லாம் தனி பைப் போட்டாச்சா?"ன்னு கேட்டேன். "எல்லாம் இப்போ வைஃபைதானே சார்"னு பதில் வந்துச்சு.

இங்கதான் எனக்கு ஒத்து வராது. கேமரா நடந்ததைப் பதிவு பண்ணும். அலாரம் நடக்கும்போதே கூப்பிடும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கொல்லைக் கதவை நெம்புறவனை நீங்க காலையில ஆபீஸ் பஸ்ல உட்கார்ந்து வீடியோவில பார்க்கிறதால அம்மாவுக்கு என்ன பயன்? அந்த நேரத்துல வீடே அலறணும், அடுத்த வீட்டுக்காரர் எழுந்து லைட் போடணும், உங்க போன் அடிக்கணும். மூணும் நடக்க ஒயர் வேணும், கரண்ட் வேணும், வெளியே சேதி போக வழி வேணும்.

அலாரமும் போனும் ஒட்டிப் பிறந்த பிள்ளைங்கதான். 1877ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல, ஹோம்ஸ் என்ற திருட்டு அலாரம் கம்பெனியோட ஒயர்லதான் ஆரம்பகால டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒண்ணு ஓடுச்சு. பகல்ல பேச்சு, ராத்திரி அலாரம், ஒரே கம்பி. அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல அலாரம் பெட்டிங்க லேண்ட்லைனை நம்பியே இருந்துச்சு. அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு 48 வோல்ட் கரண்ட் எக்ஸ்சேஞ்சுல இருக்கிற பேட்டரியில இருந்தே வரும். தெருவே இருட்டானாலும் போன் அடிக்கும், ஞாபகம் இருக்கா?

இப்போ அது போச்சு. பிஎஸ்என்எல் உட்பட எல்லாரும் ஃபைபருக்கு வந்துட்டாங்க. கண்ணாடி இழையில வெளிச்சம் வரும், கரண்ட் வராது. வீட்டுக்குள்ள இருக்கிற ஃபைபர் மோடத்துக்கு நீங்கதான் கரண்ட் கொடுக்கணும். கரண்ட் போனா நெட்டும் போச்சு, லேண்ட்லைனும் போச்சு, வைஃபை கேமராவோட எச்சரிக்கையும் போச்சு. பிரிட்டன்ல செம்பு லேண்ட்லைனை 2025 டிசம்பரோட மூடுறதா இருந்தாங்க. தனியா இருக்கிற வயசானவங்களோட அவசர அழைப்புக் கருவிங்க அந்த லைனை நம்பி இருந்ததால 2027 ஜனவரிக்குத் தள்ளி வச்சாங்க. அங்கேயே அப்படின்னா ஆனி ஆடியில நம்ம பக்கம் யோசிச்சுப் பாருங்க. செங்கோட்டைக் கணவாய் வழியா காத்து வந்தா குற்றாலத்துல சாரல், ஆய்க்குடி தெருவுல கிளை முறிஞ்சு ஒயர் மேல. ஃபைபரும் அதே கம்பத்துல இருந்துதான் தொங்கிக்கிட்டு வருது. அதை அறுக்கத் திருடனுக்குக் கத்திரி கூட வேண்டாம்.

சரி, என்ன பண்ணணும்? மாடிப்படிக்குக் கீழேயோ பரண் பக்கத்துலயோ ஒரு சின்னப் பெட்டிக்கு இடம் ஒதுக்குங்க. ஃபைபர், போன், அலாரம், பிற்காலத்துல வர்ற கேமரா, எல்லா ஒயரும் அங்க வந்து முடியணும். அங்கிருந்து வாசல் கதவு, கொல்லைக் கதவு, ஹால், அப்பா அம்மா படுக்கிற ரூம், மொட்டை மாடிக் கதவு, கேட், இதுக்கெல்லாம் 25 எம்எம் பைப் தனித்தனியா ஓடட்டும். எலக்ட்ரீஷியன் 20 எம்எம் போதும்பார். வளைவுல ரெண்டாவது கேபிள் இழுக்கும்போது நீங்கதான் கஷ்டப்படுவீங்க. ஒயர் இப்போ வாங்கக் காசு இல்லைன்னாலும் காலி பைப்புக்குள்ள ஒரு இழுவைக் கம்பி விட்டு வைங்க.

இந்தப் பைப்புக்குள்ள 230 வோல்ட் ஒயர் ஒண்ணு கூட வரக்கூடாது. பைப்பை மிச்சம் பிடிக்கிறேன்னு சேர்த்து இழுத்துடுவாங்க, பக்கத்துலயே நின்னு பாருங்க. பக்கத்து பக்கத்துல ஓட வேண்டியிருந்தா ஒரு அடி இடைவெளி, குறுக்கே போகணும்னா நேர்க்குறுக்கா. போன், நெட், அலாரம் மூணும் குறைஞ்ச வோல்ட்டுங்கிறதால ஒரே பைப்புல தனித்தனி கேபிளா போகலாம். ஆனா ஒரே கேட்-6 கேபிளுக்குள்ள நாலு ஜோடியைப் பங்கு போட்டு ரெண்டு ஜோடியில நெட், மிச்சத்துல சைரன்னு வேலை பார்க்கிறவங்களை விடாதீங்க. பின்னாடி அந்தக் கேபிள்லயே கரண்ட் அனுப்புற கேமராவை மாட்டினா வம்பு. கதவு சென்சாருக்கு நாலு கோர் அலாரம் கேபிள், நெட்டுக்கும் கேமராவுக்கும் கேட்-6. முடிஞ்சது.

கதவு சென்சார் எப்பவும் மூடின சுற்றா இருக்கணும். கதவு திறந்தாலும் ஒயரை அறுத்தாலும் சுற்று முறியும், சைரன் கத்தும். எலி கடிச்சாலும் கத்தும், அதுக்குத்தான் பைப்.

அடுத்தது யாருமே யோசிக்காத ஒரு பிளக் பாயின்ட். அந்தப் பெட்டிக்குள்ள வர்ற மூணு பின் பிளக் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கணும். ஃபேனையும் லைட்டையும் இன்வெர்ட்டர்ல கொடுத்துட்டு, மோடத்துக்கு மெயின் லைனைக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. இன்வெர்ட்டர் இல்லாத வீடுன்னா மோடத்துக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கிடுங்க. அலாரம் பெட்டிக்குள்ள வழக்கமா 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். பெட்டியும் சென்சாரும் சேர்ந்து 200 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் கணக்குப்படி 35 மணி நேரம். பழைய பேட்டரின்னா பாதிதான் வரும், மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க.

ஃபைபர் அறுந்தா? அலாரம் பெட்டியில சிம் போடுற வசதி கட்டாயம் வேணும். விலை கம்மின்னு 2ஜி மட்டும் எடுக்கிற பெட்டியை வாங்காதீங்க, ஜியோ சிம் அதுல வேலையே செய்யாது. 2022ல அமெரிக்காவுல ஏடி அண்ட் டி 3ஜியை மூடினப்போ, அதை நம்பி இருந்த அலாரம் பெட்டிங்களையெல்லாம் மாத்த வேண்டி வந்துச்சு. 4ஜி பெட்டியா வாங்குங்க. அந்த சிம்முக்கு டேட்டா பேக் தேவையில்லை. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கிற பேக் கட்டாயம் தரணும்னு டிராய் 2024 டிசம்பர்ல விதி கொண்டு வந்துச்சு, ஒரு வருஷம் வரைக்கும் செல்லுபடி தரலாம். ரீசார்ஜ் தேதியை உங்க கேலண்டர்ல போடுங்க, அப்பாவை நம்பாதீங்க.

இன்னொண்ணு, எனக்குத் திருடனை விடப் பெரிசாப் படுறது. அதே அலாரம் பெட்டியில ஒரு சோன்ல கட்டிலுக்குப் பக்கத்துலயும் பாத்ரூமுக்குள்ளயும் அவசர பட்டன் வைக்கலாம். பாத்ரூம்ல தரையில இருந்து ஒரு அடி உயரத்துல, விழுந்தவங்களுக்கு எட்டுற மாதிரி. இதுக்கு ஆகிற கூடுதல் செலவு பட்டனும் கொஞ்சம் ஒயரும்தான். எட்டு கேமராவுல ரெண்டைக் குறைச்சாலே இது வந்துடும். அப்பா அம்மா ரூமுக்குள்ள கேமரா வைக்கிறதை விட இது மரியாதையும் கூட.

நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ வாடகை வீட்டுல இருக்கீங்கன்னா இத்தனையும் வேண்டாம். பேட்டரி சென்சார், வயர்லெஸ் பெட்டி, காலி பண்ணும்போது கழட்டிக்கிட்டுப் போகலாம். வீட்டு ஓனர் சுவரை உங்க காசுல உடைக்காதீங்க.

இப்போ என் பாடத்துக்கு வர்றேன். "இன்சூரன்ஸ் இருக்கே சார்"னு சொல்றவங்க பாலிசியை எடுத்துப் படிங்க. 2021 ஏப்ரல்ல இருந்து வர்ற பாரத் கிரஹ ரக்ஷா பாலிசியில தீ, புயல், வெள்ளம் எல்லாம் உண்டு. திருட்டு? அந்த மாதிரி ஒரு சம்பவம் நடந்து 7 நாளுக்குள்ள அதனால நடந்த திருட்டுக்குத்தான். சும்மா பூட்டை உடைச்சு எடுத்துட்டுப் போனா அதுல வராது, வீடு புகுந்து திருடுறதுக்குத் தனிக் காப்பு வாங்கணும். நகையை பேங்க் லாக்கர்ல வைக்கிறது நல்லதுதான், ஆனா அங்கயும் ஒரு கணக்கு இருக்கு. 2022 ஜனவரியில இருந்து, திருட்டு, தீ, ஊழியர் மோசடி மாதிரி விஷயத்துல பேங்கோட பொறுப்பு வருஷ வாடகையில 100 மடங்கு வரைக்கும்தான். வாடகை 2,000 ரூபாய்னா 2 லட்சம். இன்னைக்குப் பவுன் விலையில அது எத்தனை பவுன்னு நீங்களே வகுத்துப் பாருங்க.

வரி விஷயத்துல ஒரு தப்பான நம்பிக்கை ஊர் முழுக்க ஓடுது. வீடு அப்பா பேர்ல இருந்தா, நீங்க கடன் வாங்கிக் கட்டினாலும் வட்டிக் கழிவு உங்களுக்குக் கிடையாது. உங்க பேர்ல இருந்து, அந்த வீட்டை வாடகைக்கு விடாம குடும்பமே இருந்தா, புதிய வரி முறையில அந்த வட்டிக்குக் கழிவு இல்லை. ஆனா பில்லைத் தூக்கிப் போடாதீங்க. வீட்டோட சேர்ந்து நிக்கிற ஒயரிங் வேலை, என்னைக்காவது வீட்டை வித்தா மேம்பாட்டுச் செலவா லாபக் கணக்குல காட்டலாம். கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாள் அப்போ உதவாது. ஜிஎஸ்டி பில் வாங்குங்க, பணத்தை பேங்க் வழியா கொடுங்க.

ஆய்க்குடித் தம்பி கொட்டேஷனை ரெண்டு கேமராவாக் குறைச்சுட்டு, எலக்ட்ரீஷியனுக்கு மூணு நாள் கூடுதல் கூலி பேசியிருக்கார். நீங்களும் கட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா, பூச்சு ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவர்லயும் டேப்பை நீட்டி வச்சு, பைப் எங்க போகுதுன்னு போன்ல படம் எடுத்து வச்சுக்கங்க. ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.