விடுபட்ட எண் குற்றவாளியா?

வரிசையில் ஓர் எண் விடுபட்டிருந்தால் "யார் எடுத்தது?" என்றுதான் நம்மில் பலர் முதலில் கேட்கிறோம். "ஏன் விடுபட்டது?" என்று கேட்பவர் குறைவு. இந்தப் பழக்கம் ஒருவரின் பிழைப்பையே கெடுக்கக்கூடும் என்பதை என் தொழிற்பயிற்சிக் காலத்தில் நேரில் கண்டேன்.

நான் பயிற்சி பெற்ற நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார்களை ஒரு மென்பொருளில் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டிக்கெட் எண் உண்டு. ஒரு திங்கட்கிழமை காலையில் 4118-க்கு அடுத்த டிக்கெட் 5002 என்று வந்தது. இடையில் 883 எண்களைக் காணோம். மேலாளர் எங்களை அழைத்து, "அழித்தது யார்?" என்று கேட்டார். எல்லாருடைய பார்வையும் புகார்ப் பிரிவில் இருந்த அக்காவின் பக்கம் திரும்பியது. இருமுறை பதிவான புகார்களை அழிப்பது அவருடைய வேலை. அவர் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் வேறு. உண்மையைச் சொல்கிறேன், என் பார்வையும் அவர் பக்கம்தான் போனது.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதலில் டிக்கெட்டுகள் பதிவான நேரத்தைப் பார்த்தேன். 4118 வெள்ளிக்கிழமை மாலையில் பதிவானது. 5002 திங்கள் காலையில். ஒரு வார இறுதியில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்து, அத்தனையும் அழிக்கப்பட்டன என்பதை நம்ப முடியுமா? அடுத்து சர்வரின் இயக்கப் பதிவைப் பார்த்தேன். ஞாயிறு இரவு மின்தடையால் சர்வர் திடீரென நின்று, மீண்டும் இயங்கியிருந்தது. அங்கே பயன்படுத்தியது மைக்ரோசாப்ட் எஸ்.கியூ.எல். சர்வர். 2012 பதிப்பு முதல் அது வேகத்திற்காக எண்களை ஆயிரம் ஆயிரமாக முன்கூட்டியே ஒதுக்கி வைத்துக்கொள்ளும். திடீரென நின்றுவிட்டால், கொடுக்காமல் மிச்சமிருந்த எண்கள் போனது போனதுதான். 2017 பதிப்பில் இந்த ஒதுக்கீட்டை நிறுத்தி வைக்கும் வசதியும் வந்தது. ஆக, அந்த 883 புகார்கள் அழிக்கப்படவில்லை. அவை பதிவாகவே இல்லை.

ஓரிரு எண்கள் மட்டும் விடுபடுவதற்குக் காரணம் வேறு. அஞ்சலகத்தில் எண் சீட்டு எடுத்த ஒருவர் காத்திருக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால், அவருடைய எண்ணை இயந்திரம் அடுத்தவருக்குக் கொடுக்காது. தரவுத்தளமும் அப்படித்தான். ஒருவர் புகாரைச் சேமிக்கும்போது எண் கொடுக்கப்படுகிறது. சேமிப்பு பாதியில் தோற்றால் அந்த எண் திரும்பி வராது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தை வேண்டுமென்றே இவ்வாறு வடிவமைத்திருக்கிறார்கள். இல்லையென்றால், ஒருவர் சேமித்து முடிக்கும்வரை மற்றவர்கள் அனைவரும் காத்து நிற்க வேண்டியிருக்கும்.

சில வேளைகளில் எண் தொலைந்திருக்காது. நம் கண்ணில் படாமல் இருக்கும். ஜிராவில் ஒரு டிக்கெட்டை வேறு திட்டத்திற்கு மாற்றினால் அதற்குப் புது எண் கிடைக்கும். பழைய பட்டியலில் அந்த இடம் காலியாகும். கிட்ஹப்பில் புகார்களுக்கும் நிரல்மாற்றக் கோரிக்கைகளுக்கும் ஒரே எண் வரிசைதான். ஒன்றை மட்டும் பட்டியலிட்டால் ஓட்டை தெரியும். பார்க்கும் அனுமதி நமக்கு இல்லாத டிக்கெட்டுகளும் உண்டு. இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் 'அழித்தல்' என்ற காரணத்திற்கு வர வேண்டும். நாமோ அதிலிருந்துதான் தொடங்குகிறோம்.

என் கருத்து இதுதான்: டிக்கெட் எண் ஒரு பெயர், அது கணக்கு அல்ல. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, ஆண்டின் நடுவில் ஒரு மாணவன் பள்ளி மாறினால் ஆசிரியர் பதிவேட்டில் அவன் பெயர்மீது சிவப்புக் கோடு போடுவார். அவன் எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார். எண் விடுபடுவதைவிட, ஒரே எண் இருவருக்குப் போவதே ஆபத்து. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி அட்டவணைகளில் இந்த ஆபத்து உண்மையிலேயே இருந்தது. கடைசி எண்ணுள்ள பதிவை அழித்துவிட்டு சர்வரை மீண்டும் இயக்கினால், அதே எண் புதிய பதிவுக்குப் போய்விடும். 2018-இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

"அப்படியானால் பண விவகாரத்திலும் எண் விடுபடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. ரசீதுக்கு இடைவெளியில்லாத எண் வேண்டும். அதற்குத் தனி வரிசை அமைத்து, தாமதத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் கழகத்தின் ரசீதுப் புத்தகத்தில் கெட்டுப்போன தாளைக் கிழித்து எறியாமல் 'ரத்து' என்று எழுதி வைப்பதும் இதனால்தான். புகார்களுக்கும் இந்த வழக்கம் நல்லது. தேவையில்லாததை மூடி வையுங்கள், அழிக்காதீர்கள். பிறகு யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

நான் அறிக்கை கொடுத்ததும் மேலாளர் "நல்லது" என்றார். அத்துடன் விஷயம் முடிந்தது. அக்காவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மட்டும் என்னிடம் வந்து, "இனிமேல் நம்பர் ஒழுங்கா வருமா தம்பி?" என்று கேட்டார். "வராமலும் போகலாம் அக்கா, அது உங்கள் தப்பு இல்லை" என்றேன்.

அதை அன்று அந்தக் கூட்டத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். நாளை நம்மில் பலர் இத்தகைய மென்பொருளை எழுதப் போகிறோம். சிலர் மேலாளர்களாகவும் ஆவோம். ஓர் எண் காணாமல் போகும் நாளில் ஆளைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேடுவோம்.