உழைப்பும் உரிமையும்

மேற்கு மலைத்தொடரின் அடியில் அமைந்த தென்காசிப் பகுதி இயற்கை எழில் நிறைந்தது. ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீச, மலைமுகட்டில் மேகம் தவழ்ந்து சாரல் பொழிகின்றது. திருக்குற்றாலத்து அருவிகள் ஆர்த்து விழுகின்றன. அம்மலையிற் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடிப் பொருநையாற்றோடு கலக்கின்றது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடிச் சிறப்பித்த நாடு இது. இத்தகைய நாட்டிலும் வறியோர் பலர் வாழ்கின்றனர். அவர்கள் உழைக்காமையால் வறியர் ஆனவர் அல்லர். நாள் முழுதும் உழைத்தும் வறியராகவே இருப்பவர். உழைப்பு இருக்குமிடத்தில் வறுமையும் இருத்தற்குக் காரணம் யாது என்பது சிந்தித்தற்குரியது.

அருவியில் நீராட மக்கள் திரளும் காலம் ஆண்டில் ஏறத்தாழ மூன்று திங்களே. பழம் விற்போர், எண்ணெய் தேய்த்து விடுவோர், வண்டி ஓட்டுவோர், உணவுக்கடையில் வேலை செய்வோர் ஆகியோர் அக்காலத்தில் நாலு காசு காண்பர். சாரல் ஓய்ந்தால் அவர்தம் வருவாயும் ஓயும். மலையை விட்டுக் கிழக்கே செல்லச் செல்ல மழை குறைகின்றது. குளத்து நீரையும் கிணற்று நீரையும் நம்பிய வயல்களில், நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய நாள்களில் மட்டுமே கூலி வேலை கிடைக்கும். எஞ்சிய நாள்களில் குடும்பத்தைக் காப்பது யார்? பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்ணே காக்கின்றாள்.

ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், கடையம், கடையநல்லூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் இத்தொழில் பல தலைமுறையாக நடைபெறுகின்றது. மத்தியப் பிரதேசம், சத்தீசுகர், ஒடிசா ஆகிய மாநிலங்களின் காடுகளிலிருந்து இலை வருகின்றது. குசராத்து, கருநாடகம் முதலிய இடங்களிலிருந்து புகையிலைத் தூள் வருகின்றது. பீடிக்கடையில் இலையையும் தூளையும் நிறுத்துத் தருவர். பெண்கள் இலையை நனைத்துப் பதப்படுத்தி, அளவாக வெட்டி, மடிமேல் தட்டை வைத்துக்கொண்டு தூளை இட்டுச் சுற்றி, நூலால் கட்டி, முனையை மடக்குவர். சமையலுக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் இடையே இவ்வேலை நடக்கும். விளக்கு வைத்த பின்னரும் தொடரும். சுற்றிய பீடியைக் கட்டுகளாகக் கட்டிக் கடையில் ஒப்படைத்தால், ஆயிரத்துக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிடப்படும்.

இத்தொழிலில் ஆதாயம் ஒருபுறமும் இழப்பு ஒருபுறமும் சேர்கின்ற முறையை நோக்குதல் வேண்டும். இலையின் விலையைப் பெண் அறியாள். பீடியின் விலையை அவள் குறிப்பதில்லை. கடையில் தந்த இலை ஆயிரம் பீடிக்குப் போதாதாயின், குறைந்த இலையை அவள் தன் காசு கொடுத்து வாங்குதல் வேண்டும். ஒரு கட்டில் 25 பீடி எனக் கொண்டால், ஆயிரம் என்பது 40 கட்டு. அவற்றுள் இரண்டு கட்டுகள் செம்மையாக இல்லை என்று கழிக்கப்படுமாயின், அன்றைய உழைப்பில் இருபதில் ஒரு பங்கு வீணாயிற்று. கழிப்பவர் சொல்லே முடிவான சொல். மறுத்துப் பேசினால் நாளைக்கு இலை கிடைக்குமோ என்ற அச்சம் அவள் நாவைக் கட்டுகின்றது. கை அவளுடையது, கணக்கு பிறருடையது. அவள் வறுமையின் வேர் இங்கேயே உள்ளது.

சட்டம் இவர்களை முற்றும் மறந்துவிடவில்லை. 1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரையும் தொழிலாளர் என ஏற்றது. 1976ஆம் ஆண்டுச் சட்டங்களால் பீடியின்மீது ஒரு தீர்வை விதிக்கப்பட்டு, அத்தொகை தொழிலாளரின் மருத்துவம், வீடு, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றுக்குச் செலவிடப்பட்டது. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது. சட்டம் வேலிபோல்வது, வேலி பயிரைக் காக்கும், ஆனால் விளைவிக்காது. விளைவில் பங்கு உழைப்பவர்க்கு இருந்தாலன்றி, வேலி எத்துணை உயரமாயினும் களஞ்சியம் நிறையாது.

வள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தை அடுத்து நல்குரவு என்னும் அதிகாரத்தையும், அதனை அடுத்து இரவு, இரவச்சம் என்னும் அதிகாரங்களையும் காண்கிறோம். உழைப்பின் பெருமையை அடுத்தே வறுமையின் கொடுமை நிற்கின்றது. பிறர்பால் சென்று இரத்தலுக்கு அஞ்சுதலும் ஒரு பண்பாக உரைக்கப்படுகின்றது. ஏழைகட்கு வேண்டுவது யாது என்பதற்கு இவ்வரிசையே ஒரு குறிப்பாம். பஞ்சத்தில் இருப்பவர்க்குச் சோறிடுதல் கடமை. அதனை எவரும் மறுத்தல் இயலாது. எனினும் சோறிடுதல் ஒரு நாள் பசியைத் தீர்க்கும். கடன் கொடுத்தல் ஓராண்டுத் தொல்லையைத் தள்ளி வைக்கும். தொழிலில் உரிமை தருதல் ஒன்றே ஒரு தலைமுறையின் வறுமையை மாற்றும்.

இது வெறுங்கனவன்று. கேரள மாநிலத்தின் வடபகுதியில் உள்ள கண்ணூரில் இது நடந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கேரள அரசு முற்பட்டபோது, அங்கே பீடித்தொழில் நடத்திய வெளியூர் முதலாளிகள் 1968இல் தம் தொழிற்கூடங்களை மூடினர். பல்லாயிரவர் வேலை இழந்தனர். அத்தொழிலாளர் கலங்கி நில்லாது, அரசின் துணையோடு 1969இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அதுவே ‘கேரள தினேசு பீடி’ எனப் பெயர் பெற்றது. பங்குடையோர் தொழிலாளரே, நிருவாகிகளைத் தேர்ந்தெடுப்போரும் அவரே. பின்னாளில் 40,000க்கும் மேற்பட்டோர் அதில் பணியாற்றினர். மற்ற இடங்களில் எட்டாக்கனியாக இருந்த விடுமுறைக் கூலியும் ஓய்வுக்கால உதவியும் அங்கே கிட்டின.

அச்சங்கத்தின் வரலாற்றில் அடுத்த பகுதியே தென்காசிக்கு இன்னும் பயனுடையது. பீடி புகைப்பவரின் நுரையீரலையும் வாயையும் தொண்டையையும் நோய்க்கு இரையாக்குவது. அதனைச் சுற்றுகின்ற பெண்ணும் புகையிலைத் தூளை மூச்சோடு உட்கொள்கின்றாள். மக்கள் அறிவு பெறப் பெற இத்தொழில் குறையும், குறைதலே நன்று. ஆனால் தொழில் தேய்கின்றபோது தொழிலாளியும் தேய்தல் நன்றோ? கண்ணூர்ச் சங்கத்தார் இதனை முன்னரே உணர்ந்தனர். 1990களின் பிற்பகுதியிலிருந்து தேங்காய்ப்பால், மசாலைப் பொடி, ஊறுகாய் முதலிய உணவுப்பொருள்களையும், பின்னர்க் குடை, ஆடை முதலியவற்றையும் செய்யத் தலைப்பட்டனர். பீடி சுற்றுவோர் தொகை மிகவும் சுருங்கியது உண்மையே. எனினும் சங்கம் தொழிலாளருடையதாக இருந்தமையால், வேறு தொழிலுக்கு வழிதேடும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. உலக நாடுகள் 2003இல் ஏற்றுக்கொண்ட புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும், புகையிலைத் தொழிலாளர்க்கு மாற்றுத் தொழில் அமைத்தற்குத் துணைசெய்தல் வேண்டும் என்று கூறுகின்றது. இந்தியாவும் அவ்வுடன்படிக்கையை ஏற்ற நாடே.

தமிழகத்திற்குக் கூட்டுறவு புதியதன்று. 1904ஆம் ஆண்டிலேயே திரூர் என்னும் சிற்றூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. பின்னர் அவை மாநிலம் எங்கும் பரவின. பெண்கள் சிறு தொகை சேமிக்கவும், கூடிப் பேசவும், வங்கியின் படியேறவும் பழகினர். இனி ஒரு படி மேலே செல்லுதல் வேண்டும். சேமிக்கும் குழு செய்பொருள் விற்கும் குழுவாக வளர்தல் வேண்டும். புளியங்குடியில் எலுமிச்சை விளைகின்றது. பாவூர்ச்சத்திரத்துச் சந்தைக்குக் காய்கறிகள் வந்து குவிகின்றன. விலை விழுந்த நாளில் தக்காளி வீணாகின்றது. ஊறுகாயும் வற்றலும் பொடியும் செய்து பொதுப்பெயரால் விற்பதற்கு இப்பெண்களின் கைத்திறன் போதாதா? போதும். பொருளின் தரத்தைக் காக்கும் பயிற்சியும், விற்பதற்கு ஒரு சந்தையும், தொடக்கத்திற்கு முதலும் வேண்டும். இவற்றைத் தருதல் அரசின் கடமையாகும்.

கூட்டுறவுச் சங்கங்கள் பல சீர்கெட்டனவே என்று சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கணக்கை ஒருவர் மட்டும் அறிந்திருந்து, ஏனையோர் கைந்நாட்டு வைத்த இடங்களில் சங்கம் கெட்டது. ஆகவே அது கூட்டுறவின் குற்றமன்று, அறியாமையின் குற்றம். கணக்கை அனைவரும் படிக்கத் தெரிந்த சங்கத்தில் களவு நெடுநாள் நில்லாது.

இங்கேதான் கல்வி உழைப்புக்குத் துணையாகின்றது. பீடித் தட்டுக்கு உதவியாகச் சிறுமியின் படிப்பை நிறுத்தும் குடும்பம், இன்று கிடைக்கும் சில காசுக்காக நாளை கிடைக்கும் உரிமையை விற்றதாகும். சிற்றூரில் இருந்து கற்றவர்க்கு அங்கேயே வேலை கிடைத்தல் இயலாது என்றும் நினைத்தல் வேண்டா. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011ஆம் ஆண்டில் சோகோ என்னும் கணினி மென்பொருள் நிறுவனம் தன் அலுவலகத்தை அமைத்தது. நகரத்தில் மட்டுமே நடக்கும் என்று கருதப்பட்ட வேலை வயல்வெளிக்கு நடுவே நடைபெறுகின்றது. கற்ற மாணவரும் தம் அளவில் தொண்டாற்றலாம். தாயின் கூலிப் புத்தகத்தைப் படித்துச் சொல்லுதலும், வைப்புநிதிக் கணக்கைச் சரிபார்த்தலும், அண்டை வீட்டார்க்கு மனு எழுதித் தருதலும் சிறு செயல்களே. அவற்றால் ஒரு குடும்பம் தனக்குரியதை இழவாது காத்துக்கொள்ளும்.

அருவி ஓரிடத்தில் பெருகி வீழ்ந்தாலும், வாய்க்கால் வெட்டிய வயலுக்கே அதன் நீர் பாயும். நாட்டின் செல்வமும் அத்தகையதே. உழைப்பவர் தம் தொழிலுக்கும் கணக்குக்கும் சந்தைக்கும் உரியவர் ஆகும் வாய்க்கால் வெட்டப்படுமாயின், செல்வம் திண்ணையில் அமர்ந்து உழைக்கும் பெண்ணின் வீட்டுக்கும் வந்து சேரும். அதனை வெட்டுதல் அரசும் ஊராரும் கற்றோரும் கூடிச் செய்யவேண்டிய பணியாகும்.