தீப்பெட்டி லேபிளுக்கு முதல்ல உறை, அப்புறம்தான் ஃப்ரேம்!

இந்த வாரம் எஸ்.ஐ.பி., கிரெடிட் கார்டு எதுவும் கிடையாது. 250 ரூபாய்க்கு வாங்கின ஒரு ஆல்பத்தால நான் என்ன இழந்தேன்னு சொல்லப் போறேன்.

எங்க அம்மாச்சிக்கு சாத்தூர் பக்கம். தீப்பெட்டி ஆபீஸுக்காக வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து பெட்டி ஒட்டினவங்க. அப்போ மரத்தை மெல்லிசா சீவித்தான் பெட்டி செய்வாங்க. லேபிளைத் தனியா அச்சடிச்சு, பசை தடவி மேல ஒட்டணும். குரோஸ் கணக்குலதான் கூலி. ஒரு குரோஸ்னா 144 பெட்டி. இப்போ அட்டையிலேயே நேரா பிரிண்ட் பண்ணிடறதால அந்த வேலையும் போச்சு, தனி லேபிளும் அரிதாயிடுச்சு. அம்மாச்சி வகைக்கு ஒண்ணா எடுத்து, ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வெச்சிருந்தாங்க. மயில், புலி, ரயில் எஞ்சின், தாமரைன்னு மொத்தம் நாற்பது.

சென்னையில வேலை கிடைச்சதும் அந்த டின்னைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். ‘இவ்வளவு அழகானதை டின்லயா வைக்கிறது’ன்னு, வழவழன்னு பாக்கெட் வெச்ச ஒரு ஆல்பம் வாங்கி வரிசையா சொருகினேன். ரெண்டு கோடை கழிச்சு திறந்தா, சிவப்பு மை எல்லாம் பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வருது. தப்பினது பதினொண்ணு. முப்பது வருஷம் அந்த டின் காப்பாத்தினதை, நான் காசு கொடுத்து ரெண்டே வருஷத்துல கெடுத்தேன்.

என்ன நடந்தது?

அந்த பாக்கெட் மெதுவான பி.வி.சி. பிளாஸ்டிக். அதை வளைய வைக்கிறதுக்காக சேர்க்கிற பொருள் நாளாக ஆக வெளியே கசியும். மையையும் காகிதத்தையும் பிடிச்சுக்கும். போதாததுக்கு சென்னையோட ஈரக்காத்து. சிவகாசி வட்டாரத்துல தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்ததுக்கு, மழை குறைவான அந்த வறண்ட காத்தும் ஒரு காரணம். நம்ம ஊர் பீரோல பத்திரமா இருந்த காகிதம், கடலோர ஃபிளாட்டுல அப்படியே இருக்கும்னு நினைக்கக் கூடாது. இடம் மாறினா ரிஸ்க்கும் மாறும்.

அப்போ எதை வாங்கணும்?

பாக்கெட் மேல ‘பாலிப்ரொப்பிலீன்’ அல்லது ‘பாலியெஸ்டர்’னு போட்டிருக்கான்னு பாருங்க. எதுவுமே போடலைன்னா, திறந்ததும் புது ரெயின்கோட் வாசனை அடிச்சா, வாங்காதீங்க.

சின்ன வயசு கிரிக்கெட் கார்டு, டபிள்யூ.டபிள்யூ.எஃப். ட்ரம்ப் கார்டு வெச்சிருக்கீங்களா? முதல்ல மெல்லிய பாலிப்ரொப்பிலீன் உறை, அதுக்கு மேல ‘டாப்லோடர்’னு விக்கிற கெட்டியான உறை. உள்ளுறை இல்லாம கார்டை நேரா டாப்லோடர்ல தள்ளினா மூலை மடங்கிடும். இதெல்லாம் 63 க்கு 89 மில்லிமீட்டர் கார்டுக்குன்னு செஞ்ச அளவு. தீப்பெட்டி லேபிள் அதைவிட ரொம்பச் சின்னது. உள்ள நழுவி ஓடும். அதுக்கு தபால்தலை சேகரிக்கிறவங்க பயன்படுத்துற, வரிசை வரிசையா பட்டை வெச்ச தாள்தான் சரி. அதுலயும் பி.வி.சி. இல்லாததா கேட்டு வாங்குங்க.

முழுப் பெட்டியா வெச்சிருக்கிறவங்க, குச்சியை எல்லாம் எடுத்துடுங்க. குச்சி மருந்துல பொட்டாசியம் குளோரேட், உரசுற பக்கத்துல சிவப்பு பாஸ்பரஸ். நூறு பெட்டியைக் குச்சியோட அலமாரியில அடுக்கினா, அதை நான் கலெக்‌ஷன்னு சொல்ல மாட்டேன்.

முக்கியமா, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ரேஷன் கார்டுலேர்ந்து மார்க் ஷீட் வரைக்கும் லேமினேட் பண்ணிப் பழகின கை நமக்கு. சூடும் பசையும் உள்ள போயிடுச்சுன்னா திரும்ப எடுக்க வழியே இல்லை.

இதுல பணத்துக்கு என்ன பாடம்?

நம்மில் பலர் முதல்ல வாங்குறது சுவர்ல மாட்டுற ஃப்ரேம், லைட் வெச்ச கண்ணாடிப் பெட்டி. யாராவது வந்து ‘சூப்பர்’னு சொல்லணும். டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்காம முதல்ல ஷேர் வாங்குற அதே புத்திதான் இது. என் கருத்து: சேகரிப்புல போடுற முதல் ரூபாய் பாதுகாப்புக்குப் போகணும். காட்சிக்கு மிச்சம் இருந்தா பார்த்துக்கலாம்.

அடுத்தது, இதை முதலீடுன்னு சொல்லிக்காதீங்க. 2022 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல 1952-ம் வருஷத்து மிக்கி மேண்டில் பேஸ்பால் கார்டு ஒண்ணு 1.26 கோடி டாலருக்கு ஏலம் போச்சு. நம்ம காசுல சுமார் 100 கோடி. அங்க கார்டோட தரத்தைச் சோதிச்சு மார்க் போடுற கம்பெனி, ஏலக் கடை, வாங்க ஆள்னு ஒரு சந்தையே இருக்கு. நம்ம லேபிளை நாளைக்கு அவசரத்துக்கு விக்கணும்னா யார்கிட்ட போவீங்க? அதனால எமர்ஜென்சி ஃபண்டை இதுல முடக்காதீங்க. இது பொழுதுபோக்குச் செலவு. மாச பட்ஜெட்ல அந்தக் கணக்குல எழுதுங்க.

உறைக்கும் ஒரு அளவு உண்டு. கையில இருக்கிறதை மூணா பிரிங்க: போனா திரும்பக் கிடைக்காதது, விலை போகக்கூடியது, டூப்ளிகேட். முதல் ரெண்டுக்கும் நல்ல உறை. டூப்ளிகேட்டுக்கு ஒரு காகிதக் கவரும் அட்டைப்பெட்டியும் போதும். பத்து ரூபாய்ப் பொருளுக்கு நூறு ரூபாய் உறை போட்டா, அது உறை கலெக்‌ஷன்.

சுவர்ல மாட்டியே ஆகணும்னா, ஒரிஜினலை ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போட்டு மாட்டுங்க. வெயில் பட்டு வெளுத்தாலும் இன்னொரு பிரிண்ட் எடுத்துக்கலாம். அச்சுக்கே பேர் போன ஊர்க்காரங்க நாம. ஒரு நல்ல கலர் பிரிண்டுக்கா பஞ்சம்?

நானும் அதைத்தான் பண்ணேன். மிஞ்சின பதினொண்ணும் பாலியெஸ்டர் உறையில, அதே பிஸ்கட் டின்ல, பீரோ மேல்தட்டுல இருக்கு. ஹால்ல தொங்குறது பிரிண்ட். போன பொங்கலுக்கு வந்த அம்மாச்சி அந்த ஃப்ரேமைப் பார்த்துட்டு, “இந்த ரயில் லேபிள் பசையே பிடிக்காதுடா, ரெண்டு தடவை தடவணும்”னாங்க. போன இருபத்தொம்பது லேபிளைப் பத்தி அவங்ககிட்ட நான் இன்னும் சொல்லல.

உங்க வீட்டு டின்ல என்ன இருக்கு? இந்த ஞாயித்துக்கிழமை திறந்து பாருங்க. பிளாஸ்டிக் பாக்கெட்ல இருந்தா, முதல்ல வெளிய எடுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.